பின் ஷாக் போச்சா? பழைய டர்ட் பைக்குக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

"பின் ஷாக் போச்சு, பிரிச்சு மாட்டணும்" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு ஷாக்கில் ஒரு கோளாறும் இருக்காது. ஷாக்கோடு சேர்ந்து அசைகிற லிங்க் மூட்டின் பேரிங் துருப்பிடித்திருக்கும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற வளையமான காலர் கழன்று இறங்கியிருக்கும், சில சமயம் டயர் காற்றுதான் காரணமாக இருக்கும். நெல்லைச் சீமையின் மண் அப்படி. திசையன்விளைப் பக்கம் தேரி மணல், மானூர், கயத்தாறு பக்கம் கரிசல், ராதாபுரம் காற்றாலைப் பாதைகளில் சரளை, உவரியில் உப்புக் காற்று. இவை எல்லாம் முதலில் கெடுப்பது ஷாக்குக்கு வெளியே இருக்கிற மூட்டுகளைத்தான். அதனால் ஷாக்கைத் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீரோ இம்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மாதிரி வண்டிகளுக்கும், கைமாறிக் கைமாறி வந்த பழைய ஜப்பான் டர்ட் பைக்குகளுக்கும் கீழே உள்ள சோதனைகள் பொதுவானவை. ஆனால் திறந்து வேலை பார்ப்பது எல்லா ஷாக்கிலும் நடக்காது. அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருக்கிற கேஸ் டப்பாவில் டயர் வால்வு போன்ற முனையும், ஷாக்கின் தண்டான ராடு உள்ளே போகிற இடத்தில் தூசி மூடிக்கு அடியில் வட்டக் கிளிப்பும் இருந்தால் திறக்கலாம். உடம்பின் வாயை உள்பக்கமாக மடக்கி மூடியிருந்தால் அது திறப்பதற்காகச் செய்த பொருள் இல்லை. அதை அறுத்து, மரை போட்டு, வால்வு வைத்துத் தருகிற பட்டறைகள் உண்டு. புது ஷாக் கிடைக்கிற வண்டிக்கு அந்த வேலை வேண்டாம் என்பது என் கருத்து. கிடைக்கவே கிடைக்காத வண்டிக்கு வேறு வழியில்லை.

## துள்ளுகிறது, அமுக்கினால் அடங்கவில்லை

வண்டியை நேராக நிறுத்தி, சீட்டின் பின்பக்கத்தை முழு பலத்தோடு அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரே தடவையில் நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால், அமுங்கிய ஷாக் திரும்பி வருகிற வேகத்தை அடக்குகிற ரீபவுண்ட் வேலை செய்யவில்லை.

### எடுத்த உடனேயே துள்ளினால்

ரீபவுண்ட் திருகு உள்ள ஷாக்கில் அது கீழ்க் கண்ணுக்கு, அதாவது கீழ் போல்ட் போகிற துளைக்கு, பக்கத்தில் இருக்கும். அதை வலப்பக்கம் கடைசிவரை திருகி, எத்தனை 'கிளிக்' என்று எண்ணிக்கொள்ளுங்கள். முழுக்கத் திறந்து கிடந்தால் நடுவாக வைத்து மறுபடி அமுக்கிப் பாருங்கள். பழைய வண்டி பலவற்றில் இந்தத் திருகு மண் ஏறி இறுகிப்போயிருக்கும். திருகுளியால் நெரித்தால் தலை போய்விடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். திருகு சுற்றுகிறது, ஆனால் ஆட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் கோளாறு உள்ளே: எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது பிஸ்டன் பட்டை தேய்ந்திருக்கும். திறக்க வேண்டியதுதான்.

### சூடானபின் மட்டும் துள்ளினால்

காலையில் நன்றாக இருக்கும், மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் கொஞ்ச நேரம் குலுங்கியதும் பின்பக்கம் தன்னிச்சைக்கு ஆடும். இது எண்ணெய் கெட்டுப்போனதற்கும், நைட்ரஜன் இறங்கியதற்கும் பொதுவான அடையாளம். அழுத்தம் இல்லாத எண்ணெய் வேகமான அடிகளில் நுரைத்துவிடும். நுரைக்கு அடியை அடக்குகிற சக்தி கிடையாது. பழைய டர்ட் பைக்கை வாங்கியவர்கள் எஞ்சின் ஆயில் மாற்றுவார்கள், ஷாக்குக்குள் ஆயில் இருப்பதே நினைவில் இருக்காது. இந்த அறிகுறிக்கு வெளியில் செய்ய எதுவும் இல்லை. 'பிரித்தே ஆக வேண்டும் என்றால்' பகுதிக்குப் போகலாம்.

## ராடில் எண்ணெய்

முதலில் துடையுங்கள். செயினில் அடித்த லூப்பும், எஞ்சின் மூச்சுக் குழாயிலிருந்து வருகிற எண்ணெய்த் தூறலும் ஷாக்கில் வந்து உட்கார்ந்து கசிவு மாதிரியே தெரியும். துணியால் ராடைச் சுத்தமாகத் துடைத்து, முகப் பவுடர் கொஞ்சம் தூவி, பத்து முறை அமுக்குங்கள். ராடைச் சுற்றி வளையமாக ஈரம் ஏறினால் சீல் போயிருக்கிறது. பவுடர் காய்ந்தே இருந்தால் எண்ணெய் வேறெங்கிருந்தோ வருகிறது, அதைத் தேடுங்கள்.

சீல் போனது உறுதியானால் அடுத்த கேள்வி, ராடு நன்றாக இருக்கிறதா. ராடில் கோத்திருக்கிற, கடைசி இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை மேலே தள்ளிவிட்டு, விரல் நகத்தை ராடின் நீளத்துக்கு மெதுவாக இழுங்கள். சுற்றிலும் நான்கு இடத்தில் இப்படிச் செய்யுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே குரோமில் குழியோ வெட்டோ இருக்கிறது. ரப்பருக்கு அடியில் ஈரம் தங்குகிற இடத்தில்தான் துருக்குழி அதிகம். கடல் பக்கம் ஓடிய வண்டி என்றால் அங்கே நன்றாகப் பாருங்கள்.

கல் பட்டு மேலெழும்பிய விளிம்பு மட்டும்தான் என்றால் 1000, அப்புறம் 2000 நம்பர் எமரியில் எண்ணெய் விட்டு, ராடைச் சுற்றிய வாக்கில் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தலாம். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடு வழியாகவே எண்ணெய் வெளியேறும். குழியாக இருந்தால் எமரி உதவாது. புது சீல் போட்டாலும் சீக்கிரமே கிழியும்.

"அண்ணாச்சி, லேத்தில கொடுத்து ராடே கடைஞ்சுக்கிடலாமா?" என்று கேட்பார்கள். பேட்டைப் பக்கம் கடைந்து தர ஆள் உண்டு. ஆனால் கடைந்த இரும்புக் கம்பி ஷாக் ராடு ஆகிவிடாது. அதன்மேல் கடின குரோம் ஏற்றி, அளவுக்குக் கிரைண்டிங் செய்து, பளபளப்பாக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்து தருகிறவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் பழைய ஷாக் ஒன்றிலிருந்து ராடு தேடுவது மேல்.

## டங் டங் என்று சத்தம், பின்பக்கம் ஆட்டம்

அதிகம் ஏமாற்றுகிற அறிகுறி இதுதான். ஷாக்குக்கே பழி போகும், குற்றவாளி பெரும்பாலும் மூட்டுகள்.

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒருவர் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்து மெதுவாக மேலே தூக்கி இறக்கட்டும். ஷாக் அசைவதற்கு முன்னால் ஒரு சின்ன வெற்று ஆட்டம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள், பாதி நகம் ஒரு துண்டிலும் பாதி நகம் அடுத்த துண்டிலும் படுகிற மாதிரி. ஷாக்கின் மேல் கண், கீழ்க் கண், லிங்க்கின் ஒவ்வொரு போல்ட், கடைசியில் பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம். எந்த இடத்தில் விரலுக்கு அடியில் 'டக்' என்று உணர்கிறதோ அங்கேதான் தேய்மானம். கண்ணால் பார்த்தால் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

போல்ட் தளர்ந்திருந்தால் முறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். செலவில்லாத காரணம் அது. முறுக்கிய பிறகும் ஆடினால் போல்ட்டைக் கழற்றி, அது நுழைகிற குழலான ஸ்லீவை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். பேரிங் உருளைகள் ஓடிய இடத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஸ்லீவும் பேரிங்கும் இரண்டுமே போயிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். தேரி ஓரமாக ஓடிய வண்டியில் ஸ்லீவை உருவினால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவிப் பொடி கொட்டும். அதில் மணல் எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி ஊசியாக இருக்க வேண்டிய உருளைகளில் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாக விழும்.

இதற்கு மணலைவிடப் பெரிய காரணம் வாட்டர் சர்வீஸ். வேகமாகப் பாய்கிற தண்ணீரை லிங்க் பக்கம் நேராகப் பிடித்தால் சீல் உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழி கிடையாது. பின்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம், ஐப்பசி மழைக்கு முன்னால், லிங்க்கைப் பிரித்துத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் போட்டால் இந்தச் செலவு வராது.

போல்ட் ஸ்லீவோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் மரை மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். நட்டைத் தலைமட்டத்துக்குத் திருகி வைத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிரஸ் இருக்கிற லேத் பட்டறைக்கு அப்படியே எடுத்துப் போங்கள். ஷாக்கை ஒட்டிய மூட்டில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்ட வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆட்டம் என்றால் அது வேறு: சக்கர பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் திரும்புகிற மூட்டான பிவட்.

## அடிவரை போய் இடிக்கிறது

பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றினால் எந்த வண்டியும் இடிக்கும். தனியாக ஓட்டும்போதும் சின்னப் பள்ளத்திலேயே இடித்தால் முதலில் டேப்பை எடுங்கள்.

பின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி வைத்து மூன்று தடவை அளக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது ஒன்று. வண்டி தன் எடையில் நிற்கும்போது இரண்டாவது. நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து, மற்றவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது. முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால், ஆள் ஏறியதும் வண்டி இறங்குகிற அளவு. அது சக்கரத்தின் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 180 மில்லிமீட்டர் பயணம் உள்ள ஹிமாலயன் 411-க்கு 55 முதல் 60, சுமார் 300 மில்லிமீட்டர் பயணம் உள்ள மோட்டோகிராஸ் வண்டிக்கு 100 சொச்சம். அதிகம் இறங்கினால் ஸ்பிரிங் காலரை முறுக்கி ஏற்றுங்கள். காலரையும் மரையையும் முதலில் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யாவிட்டால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

இப்போது இரண்டாவது அளவைப் பாருங்கள். ஆள் ஏறிய அளவு சரியாக வந்தபின், வண்டி தன் எடையில் மட்டும் பயணத்தில் பத்தில் ஒரு பங்கு போல இறங்க வேண்டும். கிட்டத்தட்ட இறங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிசு. காலரை அளவுக்கு மேல் முறுக்கி அதை மறைத்திருக்கிறீர்கள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'இறங்கவில்லை, அதனால் ஸ்பிரிங் கெட்டி' என்று இன்னும் மெலிசான ஸ்பிரிங்கைத் தேடிப் போவார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி அங்கே ஓட்டியவரின் எடைக்கு ஏற்பக்கூட மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் இடிக்கிறது என்றால், ஷாக் அமுங்குகிற வேகத்தை அடக்குகிற கம்ப்ரஷன் திருகு இருந்தால் அதை இரண்டு மூன்று கிளிக் மூடுங்கள். பம்ப் ஸ்டாப்பையும் விரலால் கிள்ளிப் பாருங்கள். வயதானால் அது டீயில் நனைத்த ரஸ்க்காட்டம் உதிரும். அது இல்லாமல் இடித்தால் இரும்பும் இரும்பும் மோதி ராடு வளையும். இவ்வளவுக்கும் பிறகு இடித்தால் நைட்ரஜன் போயிருக்கலாம்.

## கெட்டியாக இருக்கிறது, இடுப்பைப் பிடிக்கிறது

### அடுத்தடுத்து வரும் மேடுகளில் மட்டும்

காற்றாலைப் பாதைகளில் டிப்பர் ஓடி ஓடி வரிவரியாக மேடு விழுந்திருக்கும். முதல் இரண்டு மேட்டில் மெத்தென்று இருந்து, பத்தாவது மேட்டில் கட்டையாகத் தெரிந்தால் ரீபவுண்ட் அதிகமாக மூடியிருக்கிறது. சக்கரம் திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஷாக் படிப்படியாக உள்ளேயே அமர்ந்துவிடுகிறது. இரண்டு கிளிக் திறந்தால் தீர்ந்தது. இதற்காக ஷாக் மாற்றியவர்கள் உண்டு.

### எப்போதும் கெட்டியாக இருந்தால்

டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் காலர் அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஷாக்கின் கீழ் போல்ட்டை மட்டும் உருவிவிட்டு ஸ்விங் ஆர்மைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடையில் தானாக இறங்க வேண்டும். வைத்த இடத்தில் நின்றால் லிங்க்கோ பிவட்டோ இறுகியிருக்கிறது. கரிசலில் மழைக்குப் பின் ஓட்டிவிட்டுக் கழுவாமல் நிறுத்தியிருந்தால் ஸ்விங் ஆர்முக்கும் லிங்க்குக்கும் இடையில் மண் காய்ந்து இறுகியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

எல்லாம் தாராளமாக ஆடுகிறது, ஷாக் மட்டும் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது என்றால் ராடு வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயல வேண்டாம். நேராக ஆள் தேட வேண்டியதுதான்.

## 'கொளக்' என்று உள்ளே சத்தம்

எண்ணெயில் காற்று கலந்துவிட்டது. டப்பாவுக்குள் எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கிற பிளாடர் என்ற ரப்பர் பை கிழிந்திருக்கலாம். முகத்தை விலக்கி, துணியைப் போர்த்தி, வால்வு ஊசியை ஒரு நொடி அமுக்குங்கள். வாயு மட்டும் வந்தால் பை நன்றாக இருக்கிறது. எண்ணெயும் சேர்ந்து தெறித்தால் பை போய்விட்டது. இப்படி அமுக்கிப் பார்த்தாலே அழுத்தம் குறையும் என்பதால் எப்படியும் மறுபடி நைட்ரஜன் நிரப்ப வேண்டியிருக்கும். திறக்கத் தீர்மானித்தவர்கள் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

## பிரித்தே ஆக வேண்டும் என்றால்

காலரை மரையில் ஏற்றி இறக்குகிற ஷாக்கில் அதை முழுக்கத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானாகக் கழன்று வரும். முதலில் ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். படிப்படியாக ஏற்றுகிற காலர் உள்ள ஷாக்கில் ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். அதை அமுக்கிக் கழற்றுகிற கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஸ்பிரிங் வந்ததும் ராடைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். 10 பார் அழுத்தம் இருந்தால் 14 மில்லிமீட்டர் ராடு சுமார் 15 கிலோ, 16 மில்லிமீட்டர் ராடு சுமார் 20 கிலோ எதிர்த்துத் தள்ளும். விட்டால் ஒரே சீராக வெளியே வரும். உள்ளேயே தங்கிவிட்டால் வாயு இல்லை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வழுக்கினால் எண்ணெயில் காற்று.

வாயுவை வால்வு வழியாக முழுக்க வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் எந்தக் கிளிப்பையும் தொடக் கூடாது. அப்புறம் தூசி மூடியைப் பெயர்த்து, சீல் உட்கார்ந்திருக்கிற மூடியான சீல் தலையை மழுங்கிய கம்பி வைத்து இரு பக்கமும் மாறி மாறித் தட்டி உள்ளே இறக்கினால் வட்டக் கிளிப் தெரியும். கிளிப்பை எடுத்தபின் அந்தக் காடியின் விளிம்பை எமரியால் மழுக்கிவிடுங்கள். கூராக இருந்தால் சீல் தலையின் ஓ-ரிங் அதில் அறுபடும்.

வருகிற எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். கறுத்திருந்தால் வயது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. பால் மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

சீல் தலை பிஸ்டன் பக்கமாகத்தான் கழன்று வரும், அதற்குப் பிஸ்டன் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டின் முனையைத் தட்டி மழுக்கியிருப்பார்கள். அதை அரத்தால் ராவி எடுத்தபின்தான் கழலும், திரும்பப் போடும்போது புது நட்டு வேண்டும். பிஸ்டனின் இரு பக்கமும் தாள் போன்ற வட்டத் தகடுகள் அடுக்காக இருக்கும். ஒன்று இடம் மாறினாலும் ஷாக்கின் குணமே மாறிவிடும். கழற்றக் கழற்ற ஒரு கம்பியில் அதே வரிசையில் கோத்துவிடுங்கள். இங்கே கை நடுங்கினால், எண்ணெயை வடித்துவிட்டுப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புது சீல் தலையை ராடில் ஏற்றும்போது மரைமேல் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஷாக்குக்கு உரிய 2.5 அல்லது 5 எடை எண்ணெய்தான். முன் ஃபோர்க்குக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயோ எஞ்சின் ஆயிலோ ஊற்றினால் திருகு எந்தப் பக்கம் இருந்தாலும் கட்டையாகவே இருக்கும்.

மேல் கண்ணை வைஸில் பிடித்து, வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, எண்ணெய் நிரப்பி, பிஸ்டனை எண்ணெய்க்கு அடியிலேயே சின்னச் சின்னதாக மேலும் கீழும் அசையுங்கள். குமிழ் நிற்கும்வரை பொறுமை வேண்டும். பிளாடரை அமுங்கிய நிலையில் வைத்து மூடக் கூடாது. மூடினால் எண்ணெய் அதிகமாகிவிடும், ராடு உள்ளே போக இடமிருக்காது. நைட்ரஜன் ஏற்றுமுன் ராடு பம்ப் ஸ்டாப்வரை கையால் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

## நைட்ரஜன்

பொதுவாக 10 பார், அதாவது சுமார் 145 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. டயர் கடையில் கார் டயருக்கு நைட்ரஜன் பிடிக்கிற அளவெல்லாம் இதற்குக் காணாது. ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக்குகள் குழாய்க் கசிவு பார்க்க நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைத்திருப்பார்கள். டயர் வால்வுக்குப் பொருந்துகிற, கழற்றும்போது வாயு விடாத முனை ஒன்றை நீங்கள் கொண்டுபோனால் வேலை முடிந்துவிடும். வெல்டிங் பட்டறையில் "ஆக்சிஜன்தானே, அதுவும் கேஸ்தான்" என்று யாராவது சொன்னால் ஷாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஏற்றியபின் டயர் கேஜ் வைத்துச் சரிபார்க்காதீர்கள். டப்பாவில் இருப்பது கொஞ்சம் வாயு, கேஜ் குழாய் நிரம்பும்போதே அழுத்தம் கணிசமாக இறங்கிவிடும்.

## எப்போது அனுப்பிவிட வேண்டும்

ராடில் குழி, வளைந்த ராடு, உடம்பின் உள்சுவரில் நகம் தட்டுகிற கோடு, கண்ணில் விரிசல். இந்த நான்கில் எது இருந்தாலும் வீட்டில் வைத்து நேரம் கழிக்காதீர்கள். கோவையிலும் சென்னையிலும் ரேஸ் வண்டிகளுக்கு ஷாக் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங்கோடு சேர்த்து பார்சலில் போடுங்கள். உங்கள் எடை, வண்டி, வருஷம், எந்த மாதிரிப் பாதையில் ஓட்டுகிறீர்கள், டேப்பில் எடுத்த மூன்று அளவு, எல்லாவற்றையும் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தாள் இல்லாமல் போகிற ஷாக்குக்கு அவர்கள் சராசரி ஆளுக்குத்தான் வைத்து அனுப்புவார்கள்.

திரும்பி வந்து மாட்டியதும் ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எல்லா லிங்க் போல்ட்டையும் மறுபடி முறுக்கி, இறங்கும் அளவை மறுபடி எடுங்கள். ராடை விரலால் தடவிப் பாருங்கள்: மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சரி, வளையமாகத் தேங்கியிருந்தால் சூட்டோடு சூடாக அவருக்குப் போன் போட்டுவிடுங்கள்.